தந்தை பெயரின் முதல் எழுத்து

நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு முத்துச்செல்வி மூன்றாவது தடவையாகச் 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தினாள். மூன்றாவது தடவையும் பெட்டிக்குக் கீழே அதே சிவப்பு வரி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. இனிஷியலும் தந்தை பெயரின் முதல் எழுத்தும் பொருந்தவில்லை. பொருந்தவில்லைதான். பொருந்தாமல் போய் ஆறு வருஷம் ஆகிறது, உனக்கு இன்றைக்குத்தான் தெரிந்ததா என்று திரையைப் பார்த்துக் கேட்கலாம்போல இருந்தது. அடுத்த நாற்காலிக்காரன் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்த நறநறப்புகூட அவளைக் குத்திக்காட்டுவதுபோலக் கேட்டது. பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி, தலைக்கு நேர்மேலே ஏசி, கழுத்தில் ஒரு சால்வை, முன்னால் ஆறிப்போன டீ. ஆபீஸ் வேலைக்கு நடுவில் திருட்டுத்தனமாக மகளின் விண்ணப்பத்தைத் திறந்து வைத்திருக்கிறாள். கோவில்பட்டிப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் ஹாக்கி விடுதி. நிறைமதி கோல் கீப்பர், பதினாலு வயசு. போன மாதம் தேர்வுக்குப் போய் நாற்பது பிள்ளைகளில் இரண்டாவதாக வந்தாள். இனி ஒன்றுமில்லை, ஆன்லைனில் பதிவு செய்தால் இடம் உறுதி, கடைசி நாள் இன்று, ஐந்து மணி. பதியாவிட்டால் பட்டியலில் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்வார்கள், அதையும் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஏன் கடைசி நாள்வரை விட்டாய் என்று யாராவது கேட்டால் கேட்டவரைக் கடித்துவிடுவாள். பள்ளிக்கூடத்திலிருந்து புது இனிஷியல் போட்ட சான்றிதழ் வந்ததே நேற்றுச் சாயங்காலம். அதற்கு முன்னால் அரசிதழ், அதற்கு முன்னால் நோட்டரி, அதற்கு முன்னால் மூன்று அலுவலகங்களில் 'சார் லீவு'. ஒன்றேகால் வருஷம் அலைந்து ஒரே ஓர் எழுத்தை வாங்கினாள். டி. நிறைமதி என்று இருந்தது எம். நிறைமதி ஆனது. எம் என்றால் முத்துச்செல்வி. அந்த எம்மைத்தான் இந்தப் பெட்டி துப்புகிறது. பழைய டியைப் போட்டால் விழுங்கிக்கொள்ளும், ஆனால் சான்றிதழும் விண்ணப்பமும் ஒத்துப்போகாவிட்டால் சேர்க்கை ரத்து என்று அதற்குக் கீழேயே ஒரு வரி. உண்மையைச் சொன்னால் உள்ளே விடமாட்டான், பொய் சொன்னால் உள்ளே விட்டுப் பிறகு பிடரியைப் பிடித்துத் தள்ளுவான். எந்த முட்டாள் எழுதினான் இதை என்று வாய்வரை வந்த வார்த்தை வாயிலேயே நின்றது.

ஏனென்றால் எந்த முட்டாள் என்று அவளுக்குத் தெரியும். முதல் தடவை சிவப்பு வரி வந்தபோதே தெரிந்துவிட்டது, தெரியாததுபோல இன்னும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள், அவ்வளவுதான். புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், பொத்தானை உருண்டையாக்கியிருக்கிறார்கள், ஓரத்தில் சிரிக்கிற பிள்ளைகளின் படம் போட்டிருக்கிறார்கள், ஆனால் வாக்கியம் அவளுடையது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கிண்டியில் முதல் வேலை. பள்ளிக்கூடம், கல்லூரி, விடுதி என்று யார் கேட்டாலும் விற்கிற ஒரு சேர்க்கை விண்ணப்ப மென்பொருள். அதன் சரிபார்ப்பு முழுவதும் முத்துச்செல்வியிடம்தான் இருந்தது. பின்கோடு என்றால் ஆறு இலக்கம், செல்போன் என்றால் பத்து இலக்கம், பெயரில் எண் வரக்கூடாது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெஜெக்ஸ். வீட்டில் கேட்டால் எப்படிச் சொல்வாளென்றால், அது ஒரு வாட்ச்மேன், உள்ளே வரும் எழுத்துகளின் ஜாடையைப் பார்ப்பான், சொல்லிவைத்த ஜாடை இருந்தால் விடுவான், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவான், ஆள் நல்லவனா கெட்டவனா என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. டீம் லீட் பத்மநாபன் ஒருநாள் வந்து, பிள்ளைகள் இனிஷியலைத் தப்புத்தப்பாக அடிக்கிறார்கள், ஸ்கூலில் கிளார்க்குகள் அழுகிறார்கள், ஏதாவது செய் என்றார். அவள் ஒரு மதியம் உட்கார்ந்து செய்தாள். ஆங்கிலத்தில் அடித்த இனிஷியலையும் அப்பா பெயரையும் ஒட்டவைத்து, முதல் எழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, பின்னால் வரும் பெயர் அதே எழுத்தில்தான் தொடங்குகிறதா என்று பார்க்கிற ஒற்றை வரி. ஒன்றரை அங்குலம்கூட வராது. பத்மநாபன் அதைப் பார்த்துவிட்டு அவளை எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்கச் சொன்னார். கைதட்டினார்கள். அந்த மாதத்தின் நட்சத்திரம் என்று ஒரு தாளில் அச்சடித்து மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். அன்றைக்கு மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள், அதுகூட ஞாபகம் இருக்கிறது, சனியன். தெருவில் போகிற எந்தப் பெண் வேண்டுமானாலும் சொல்லியிருப்பாள், அப்பா இல்லாத வீடு இருக்கிறது, அப்பா வேண்டாத வீடு இருக்கிறது என்று. இருபத்தைந்து வயசு, பொறியியல் பட்டம், அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தெரிந்த அத்தனை பிள்ளைகளும் அப்பன் எழுத்தை முன்னால் சுமந்துகொண்டுதான் திரிந்தார்கள், அவள் உட்பட. வானம் மேலே இருப்பதுபோல அதுவும் இருந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் தனசேகரனிடம் இதையெல்லாம் விளக்கினாள். கல்யாணமாகி நாலு மாதம். அவன் ரசத்தைக் குடித்துக்கொண்டே, அப்ப நம்ம பிள்ளைக்கு என் எழுத்துதானே, உன் கம்ப்யூட்டரே சொல்லிருச்சு என்றான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கன்னத்தில் அறையலாம்போல இருக்கிறது, அவன் கன்னத்தில் அல்ல.

திரையின் மூலையில் விவேக் எட்டிப் பார்த்தான். 'நாலரைக்கு மீட்டிங் கால் இருக்கு, ஜாயின் பண்றீங்கள்ல?' மேனேஜருக்கு வயசு முப்பத்திரண்டு, கேள்வி கேட்பதுபோலவே உத்தரவு போடத் தெரிந்தவன். பதில் போடவில்லை. வேறு வழி பார்க்கலாம். உலாவியின் உள்ளே நுழைந்து அந்தச் சோதனையை அணைத்துவிட்டு அனுப்பலாம், இரண்டு நிமிட வேலை, கல்லூரிப் பிள்ளைகளே செய்வார்கள். செய்தாள். பொத்தானை அழுத்தினாள். சிவப்பு வரி மறைந்தது, பக்கம் சுற்றியது, சுற்றியது, பிறகு முழுப்பக்கத்துக்கு வெள்ளையாக ஒரு பலகை. பொருந்தவில்லை. ஆமாம், வாசலில் ஒருவனை நிறுத்தியதோடு விடாமல் உள்ளேயும் ஒருவனை நிறுத்தியவள் அவள்தானே. வெளியிலிருந்து வருகிற எதையும் நம்பாதே, அந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் அது. பயனர் அனுப்புவது எல்லாம் பொய் என்று வைத்துக்கொண்டு தொடங்கு. அவள் நல்ல மாணவி. முன்பின் தெரியாத பிள்ளைகள் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டாள், இரண்டு இடத்தில் நிறுத்திச் சோதித்தாள், பக்கத்தில் படுத்திருந்த ஆளை மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எவ்வளவு அழகு. அவன் கேட்டான். குடும்பநல நீதிமன்றத்தில், ஆலோசனை அறையில், சுவரில் ஒரு குடும்பம் கைகோத்து நிற்கும் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, குரலைக்கூட உயர்த்தாமல், சந்தையில் தேங்காய் தட்டிப்பார்க்கக் கேட்பவன்போலக் கேட்டான். அந்தப் பிள்ளை எனக்குத்தான் பிறந்துச்சான்னு ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டா நல்லதுங்க மேடம். மேடம் என்றது ஆலோசகரை. முத்துச்செல்வி பக்கத்தில் இருந்தாள், எட்டு வயசு நிறைமதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கணக்கு ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாள். பிள்ளை அவன் காது, அவன் நடை, தூங்கும்போது வலது கையைத் தலைக்குமேல் போட்டுக்கொள்வதுகூட அவன்தான். ஜீவனாம்சத்தைத் தள்ளிப்போட வக்கீல் சொல்லிக்கொடுத்த தந்திரம் என்று பிறகு தெரிந்தது. தந்திரம் என்றால் சரியாகிவிடுமா. பிள்ளையின் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள், எதுக்கும்மா என்று கேட்டாள், காய்ச்சல் இருக்கான்னு பாக்கத்தான் என்று முத்துச்செல்வி பொய் சொன்னாள். தாள் வந்தது. பொருந்துகிறது. அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சரி, பொருந்துது என்றான். மன்னிப்பு கேட்கவில்லை, பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவுமில்லை, திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டான். பன்னிரண்டு வயசில் பீரோவில் எதையோ தேடும்போது அந்தத் தாளின் நகல் நிறைமதி கையில் சிக்கியது. படித்தாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, எனக்கு அந்த எழுத்து வேணாம்மா, ஒன்னோடதக் குடு என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அதற்காகத்தான் அந்த ஒன்றேகால் வருஷம். ஒருத்தன் ரத்தத்தை எடுத்துப் பொருத்திப் பார்த்தான் என்றால் இன்னொருத்தி எழுத்தை எடுத்துப் பொருத்திப் பார்க்க வழி செய்துவைத்திருக்கிறாள். அவனாவது ஒரே ஒரு பிள்ளையைத்தான் சோதித்தான்.

இப்படி நினைத்தால் அடுத்து அந்தக் கடிதம் வரும் என்று அவளுக்குத் தெரியும், வரவிடாமல் டீயை எடுத்தாள், டீயில் ஆடை படிந்திருந்தது, கீழே வைத்தாள், வந்துவிட்டது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து சுப்புத்தாய் என்கிற பெண் எழுதியது. கோடு போட்ட தாளில் நீல மை, யாரோ ஸ்கேன் செய்து புகார்ப் பெட்டியில் போட்டிருந்தார்கள். என் மகள் மாரிக்கனிக்கு என் பேர்தான் இனிசியல், எஸ். மாரிக்கனி, அவ அப்பன் எங்களை விட்டுட்டுப் போயி எட்டு வருசம் ஆச்சு, இப்ப எங்க இருக்கான்னே தெரியாது, கம்ப்யூட்டர்ல அந்தாள் எழுத்தப் போட்டாத்தான் எடுக்குதாம், போடச் சொன்னா எம்மக அழுவுறா, மேடம் நீங்க ஒரு பொம்பளைன்னு சொன்னாங்க, பாத்து செய்யவும். நீங்க ஒரு பொம்பளைன்னு சொன்னாங்க. யார் சொன்னது, அது எப்படி விளாத்திகுளம்வரை தெரிந்தது, இன்றைக்கும் புரியவில்லை. அப்போது அவளுக்கு ஏழு மாதம், வயிற்றுக்குள் நிறைமதி உதைத்துக்கொண்டிருந்தாள், கேண்டீனில் அன்று தயிர்சாதமும் மாவடுவும், தீர்ந்துவிடும் என்று பக்கத்து சீட்டுக்காரி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முத்துச்செல்வி பதில் பெட்டியைத் திறந்து அடித்தாள். 'கணினி விதிப்படி சரியாக இயங்குகிறது. தங்கள் விவரங்களைச் சரிபார்த்து மீண்டும் முயலவும்.' அடித்துவிட்டுப் புகாரை மூடினாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா, ஆகியிருக்காது. மாவடு கிடைத்தது. பதில் ரத்தினச் சுருக்கம் என்று பத்மநாபன் அதற்கும் பாராட்டினார், இதையே இனி எல்லோருக்கும் அனுப்புங்கள் என்றார். மாரிக்கனிக்கு அப்போது பதினொன்று பன்னிரண்டு இருக்கும், ஏதோ விடுதிப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு விண்ணப்பம். சேர்ந்தாளா என்று தெரியாது. அழுதுகொண்டே அந்த எழுத்தைப் போட்டாளா, போடமாட்டேன் என்று வீட்டில் இருந்துவிட்டாளா. இப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். இந்த எண்ணம் வருஷத்துக்கு ஒருமுறை இருமுறை வரும், வந்தால் தலையை உதறிவிட்டுப் போய்விடுவாள், இன்று உதறினால் போகவில்லை.

நாலு இருபத்தெட்டு. பக்கத்தின் அடியில் உதவி எண் இருந்தது. படிக்கட்டுப் பக்கம் போய் நின்று அழைத்தாள். வரிசையில் நீங்கள் ஏழாவது என்றது, வீணை வாசித்தது, ஆறாவது என்றது, மறுபடி வீணை. படிக்கட்டில் யாரோ சிகரெட் பிடித்துவிட்டுப் போன வாடை. வீணையை வாசித்தவரைப் பிடித்து உலுக்கலாம்போல இருந்த நேரத்தில் ஒரு பெண் குரல், வணக்கம் சொல்லுங்க மேம் என்றது. முத்துச்செல்வி சொன்னாள். ஒழுங்காக, வரிசையாக, குரல் நடுங்காமல் சொன்னாள், சான்றிதழ் எண்ணோடு. அந்தப் பெண் பாதியிலேயே, "சிங்கிள் மதருங்களா மேம்?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் இளக்காரம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "ஆமாம்மா. அரசிதழ்லயே வந்துருச்சு. உங்க பாரம் எடுக்க மாட்டேங்குது." "எடுக்காதுங்க மேம். சிஸ்டம் அப்படி." "சிஸ்டம் அப்படின்னா மாத்தணும்ல?" "நாங்க மாத்த முடியாது மேம். நாங்க போன் எடுக்குறவங்கதான்." "இதுமாதிரி வேற யாரும் சொல்லலையா?" "தெனமும் சொல்லுவாங்க மேம். அட்மிஷன் டைம்னா காலைலேர்ந்து இதான். நான் சேந்து மூணு வருஷம் ஆச்சு, எனக்கு முன்னாடி இருந்த அக்காவும் இதையேதான் சொல்லிட்டுப் போனாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மேம், ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. கீழ 'தந்தை இறந்துவிட்டார்'னு ஒரு கட்டம் இருக்கும். அதுல டிக் பண்ணீங்கன்னா அப்பா பேரே கேக்காது, உங்க இனிஷியலை எடுத்துக்கும். டெத் சர்டிபிகேட்டும் கேக்காது. எல்லா அம்மாங்களும் அப்படித்தான் போட்டுட்டுப் போறாங்க." "உயிரோட இருக்குறவரையா?" "என்ன மேம் பண்றது. புள்ளைக்கு சீட்டு வேணும்ல." நன்றி சொல்லி வைத்தாள். நின்ற இடத்திலேயே நின்றாள். எல்லா அம்மாங்களும். பதினைந்து வருஷமாக இந்தப் பாரத்தில் எத்தனை ஆயிரம் அப்பன்கள் செத்திருப்பார்கள், டீக்கடையில் நின்று வடை தின்றுகொண்டே, வேறு கல்யாணம் செய்து வேறு பிள்ளை பெற்றுக்கொண்டே. சிரிப்பு வரவேண்டிய விஷயம், வந்தது கோபம்தான். அந்தக் கட்டத்தையும் அவள்தான் வைத்தாள். அப்பாவை இழந்த பிள்ளையிடம் அப்பா பெயரைக் கேட்டு நோகடிக்கக்கூடாது, இறப்புச் சான்று கேட்டு அலையவிடக்கூடாது என்று பத்மநாபனோடு அரைமணி நேரம் சண்டை போட்டு வைத்த கட்டம். அவ்வளவு ஈரம் இருந்திருக்கிறது அவளிடம். செத்த அப்பனுக்கு ஈரம், ஓடிப்போன அப்பனுக்கு விதி.

நாற்காலிக்கு வந்தாள். விவேக் இரண்டு கேள்விக்குறி அனுப்பியிருந்தான். கட்டத்தின்மேல் அம்புக்குறியை வைத்தாள். தனசேகரன் இறந்துவிட்டார். நினைத்துப் பார்த்தாள், எப்படி இருக்கிறது என்று. நன்றாகத்தான் இருந்தது. மனசுக்குள் எத்தனை தடவை செத்துப்போ என்று சொல்லியிருப்பாள், ஒரு கிளிக்கில் ஆகிவிட்டால் போகட்டுமே. டிக் செய்தாள். அப்பா பெயர்ப் பெட்டி சாம்பலாகி அணைந்தது. சிவப்பு வரி போயிற்று. கீழே 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை' என்று ஒரு வரி, அதற்கும் ஒரு டிக். கை அங்கே போகும்போது போன் அதிர்ந்தது. நிறைமதி, கிரவுண்டிலிருந்து, கோச்சுடைய போனில். "அம்மா, போட்டாச்சா? சார் கேக்குறாரு." பின்னால் மட்டைகள் மோதும் சத்தம், யாரோ பாஸ் பாஸ் என்று கத்தினார்கள். சொல்லாமலே போட்டுவிடலாம். விரலில் ஊசி குத்தியபோது சொன்ன பொய் நினைவுக்கு வந்தது, பிறகு இரண்டு நாள் மகள் பேசாமல் இருந்தது நினைவுக்கு வந்தது, சொல்லிவிட்டாள். "எம் போட்டா எடுக்க மாட்டேங்குதுடி. உங்கப்பா எறந்துட்டாருன்னு போட்டா எடுக்குமாம்." ஹெல்மெட்டைக் கழற்றாமல் பேசுகிறாள்போல, மூச்சு உள்ளேயே முட்டிக்கொண்டு கேட்டது. "அங்க நாலு வருஷம் இருக்கணும்லம்மா." "ஆமா." "யாராச்சும் கேப்பாங்க. ஒங்கப்பா எப்படிச் செத்தாருன்னு. நான் என்ன சொல்றது? ஆக்சிடெண்டுன்னு சொல்லவா?" முத்துச்செல்வி போனை மறு காதுக்கு மாற்றினாள். "எனக்கு அப்படிச் சொல்ல வராதும்மா. அவரு இருக்காருல்ல. இருந்துட்டுப் போகட்டும். எனக்கு அவரு எழுத்து வேணாம், அவ்ளோதான்." "அப்ப சீட்டு?" "தெரியல. நீதானே கம்ப்யூட்டர் எஞ்சினியர்." வைத்துவிட்டாள். நாலு நாற்பத்தொன்று.

அவரு. அந்தச் சொல் காதில் சிக்கிக்கொண்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தவனுக்கு அவரு. இருக்காரு, இருந்துட்டுப் போகட்டும். ஆறு வருஷமாக முத்துச்செல்வி வாயில் அவன் அந்த ஆள், அதற்கு மேலே ஏறவில்லை, பிள்ளை முன்னால்கூட. யார் சொல்லிக்கொடுத்தது இவளுக்கு. டிக்கை எடுத்தாள். அப்பா பெயர்ப் பெட்டி மறுபடி உயிர்பெற்றுத் திறந்துகொண்டது, உள்ளே தனசேகரன் அசையாமல் இருந்தான், கீழே சிவப்பு வரியும் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் எஞ்சினியராம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எழுதியவளிடமே நேரில் கேட்கலாம் என்றால் அவள் மஞ்சள் சுடிதாரோடு எழுந்து நின்று கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கிறாள். அந்த ஒற்றை வரியை ஒரு தாளில் எழுதினாள். கை தானாக எழுதியது, ஒரு புள்ளி மறக்கவில்லை. எழுத்து வரலாம், இடைவெளி வரலாம், புள்ளி வரலாம். முதல் எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். வேறென்ன பார்க்கிறது. ஒன்றும் பார்க்கவில்லை. அது பெயர்தானா என்றுகூடப் பார்க்கவில்லை. அவனுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தது யார் என்ற எரிச்சல் நடுவில் மறுபடி வந்து மோதியது, கோர்ட்டுக்காரர்கள் கொடுத்தார்கள், வேறு யார். ஒவ்வொரு சம்மனிலும் அவன் பெயருக்கு முன்னால் மிஸ்டர் போட்டிருக்கும், அவள் பெயர் மொட்டையாக இருக்கும். ஒருநாள் அந்த மிஸ்டரைப் பேனாவால் அடித்துவிட்டு வக்கீலிடம் திட்டு வாங்கினாள். மிஸ்டர் தனசேகரன். எம், ஆர், புள்ளி. எம். முத்துச்செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருக்காது. எழுத்து வரலாம், இடைவெளி வரலாம், புள்ளி வரலாம். அப்பா பெயர்ப் பெட்டிக்குள் போய், தனசேகரனுக்கு முன்னால் சுட்டியை வைத்தாள். இரண்டு எழுத்து, ஒரு புள்ளி. கை போகவில்லை. உலகத்தில் எந்த மரியாதையை எவனுக்குக் கொடுத்தாலும் அந்த ஆளுக்கு ஒரு மிஸ்டர் கொடுப்பதில்லை என்று அவள் யாரிடமும் சொல்லாத வைராக்கியம் ஒன்று இருந்தது, அது விரல் நுனிவரை வந்து நின்று வழிமறித்தது. பொய் இல்லை இது. அவன் ஆண்பிள்ளைதான், மிஸ்டர்தான், உயிரோடு இருக்கிறான். நிறைமதி எவரிடமும் எதையும் இட்டுக்கட்டவேண்டாம். நாலு ஐம்பது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். எம். ஆர். புள்ளி. இடைவெளி. சிவப்பு வரி, ஒன்றுமே நடக்காததுபோல, எழுந்து போய்விட்டது. உண்மை என்ற வரிக்கு எதிரில் டிக் போட்டாள், அது உண்மையாகவும் இருந்தது. சமர்ப்பித்தாள். பக்கம் சுற்றியது. உள்ளே நிற்கிற காவல்காரனும் ஜாடையைப் பார்த்தான், விட்டுவிட்டான். விண்ணப்ப எண் வந்தது, பச்சையில் பெயர் வந்தது, எம். நிறைமதி, த/பெ மிஸ்டர் தனசேகரன். கோச்சின் எண்ணுக்கு, 'போட்டாச்சு, எம் போட்டே போட்டாச்சு' என்று அனுப்பினாள். ஒரு கட்டைவிரல் படமும் பிறகு நாலு ஹாக்கி மட்டையும் வந்தன.

அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. விவேக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. எம் என்பதால் தப்பித்தாள், அவ்வளவுதான். அம்மா பெயர் முத்துச்செல்வியாக, மாலதியாக, மகேஸ்வரியாக இருந்தால் ஒரு மிஸ்டரைப் போட்டுக்கொண்டு ஓடிவிடலாம். டி என்றால் திரு போடலாம். கே என்றால் என்ன செய்வாள், பி என்றால், வி என்றால். சாகடிக்கவேண்டியதுதான். எஸ் என்றால்? எஸ் என்றால் ஸ்ரீ. ஸ்ரீ போட்டிருக்கலாம். விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றுவிட்டன. அந்தாள் பேர் என்னவாக இருந்தாலும் முன்னால் ஒரு ஸ்ரீ போடச் சொல்லியிருந்தால் எஸ். மாரிக்கனி அழாமல் உள்ளே போயிருப்பாள். அதுவும் வேண்டாம், எழுதிய கையாலேயே அந்த வரியை அன்றைக்கே எடுத்துத் தூர எறிந்திருக்கலாம், அவளிடம்தானே இருந்தது, பத்மநாபனிடம் ஒரு சண்டை போடவேண்டியிருக்கும், அவ்வளவுதானே. மாவடு தீர்ந்துபோயிருக்கும். தனசேகரன்மேல் இருந்த கோபம், விவேக்மேல், வீணைமேல், முறுக்குமேல் இருந்த கோபம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, அடியில் இருந்தது மட்டும் மிஞ்சியது, அது அவள் முகமாகவே இருந்தது. பக்கத்தின் மூலையில் 'புகார்' என்று சின்ன எழுத்தில் இருந்ததை அழுத்தினாள். எழுதினாள். உங்கள் பாரத்தில் இனிஷியலை அப்பா பெயரோடு ஒப்பிடுகிற விதி இருக்கிறது. அம்மா பெயரை இனிஷியலாக வைத்த பிள்ளைகளை அது உள்ளே விடுவதில்லை. அவர்களின் அம்மாக்கள் உயிரோடு இருக்கிறவர்களை இறந்துவிட்டதாகப் பொய்யாகப் பதிகிறார்கள். அந்த விதியை எழுதியவள் நான்தான். அது தப்பு. எடுத்துவிடுங்கள். எந்த வரி என்று நானே காட்டித் தருகிறேன். கீழே செல்போன் எண், பெயர். அனுப்பினாள். நெஞ்சில் பாரம் கொஞ்சம் இறங்கியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. மனுஷர் யாரும் படித்திருக்க நேரமில்லை. கணினி விதிப்படி சரியாக இயங்குகிறது. தங்கள் விவரங்களைச் சரிபார்த்து மீண்டும் முயலவும். கீழே, இந்தப் புகார் முடித்துவைக்கப்பட்டது. முத்துச்செல்வி அதை ஒருமுறை படித்தாள், பிறகு ஒவ்வொரு சொல்லாக இன்னொரு முறை படித்தாள், சுப்புத்தாய் எப்படிப் படித்திருப்பாளோ அப்படி. மணி ஐந்தேகால். சால்வையைக் கழுத்திலிருந்து எடுத்து நாற்காலியில் போட்டாள். அந்தப் பக்கத்தை மூடவில்லை. புதிய புகார் என்பதை அழுத்தி, முதல் வரியிலிருந்து மறுபடி அடிக்கத் தொடங்கினாள்.